முத்துத்தாய் எழுதிய நேரத்தில் ஓடிய தறிகள்

1983ஆம் வருடம் சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, சங்கரன்கோவில் மூக்காண்டியின் விசைத்தறிக் கூடத்தில் மூன்றாம் நம்பர் தறி கரண்ட் இல்லாமல் ஓடியது. அணைகளில் தண்ணீர் இல்லாத வருடம் அது. காலை எட்டு மணிக்குப் போகிற கரண்ட் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் வரும். தறிக்காரன் சண்முகையா சந்தேகத்தில் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தான். தறி நிற்கவில்லை. ஊடை நூலைச் சுமக்கும் நாடா இடமும் வலமுமாகப் போய்வந்துகொண்டிருந்தது. ஒரு முழம் சேலை நெய்து முடித்த பிறகு தானாக நின்றது. மூக்காண்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஒரு முழத்தையும் தடவிப் பார்த்து, ஓர் இழைகூடப் பிசகவில்லை என்று சொன்னார்.

காரணம் தெரிய நான்கு நாள் ஆயிற்று. சண்முகையாவின் மனைவி முத்துத்தாய் அதே கூடத்தில் தார் சுற்றுகிறவள். நாடாவுக்குள் வைக்கும் சிறு குச்சிகளில் நூலைச் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. எட்டாம் வகுப்புவரை படித்தவள், முப்பத்திரண்டு வயது. கரண்ட் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் தாயம் ஆடுவார்கள், அல்லது தூங்குவார்கள். அவள் நூல் மூட்டைமேல் உட்கார்ந்து நாற்பது பக்க நோட்டில் கதை எழுதுவாள். ஆறு வருடமாக மதராஸ் பத்திரிகைகளுக்கு அனுப்பி, ஆறு வருடமாகத் திரும்பப் பெற்றவள். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும் என்று, தான் கண்டிராத கடற்கரையில் தான் கண்டிராத காதலர்களை உட்காரவைத்து எழுதியவை அவை. எழுதும்போது பல்வலிக்காரியைப் போல முகத்தை வைத்திருப்பாள். அந்தப் பங்குனியில் கடைசிக் கதையும் திரும்பி வந்தது. இனி யாருக்கும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்தாள். எழுதுவதை நிறுத்தலாம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

அதன்பிறகு எழுதியதுதான் வடிவின் கதை. வடிவு புளியங்குடி எலுமிச்சை மண்டியில் எடை போடுகிறவள். பொய் சொல்லுகிறவன் அவளுடைய தராசில் ஏறினால் எடை குறைந்துவிடும். அவளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை விளையாட்டாகத் தராசில் ஏறி, மூன்று எலுமிச்சம்பழத்துக்கு ஈடாகாமல் மேலே போய்த் தொங்கினான் என்று எழுதியபோது முத்துத்தாய் தனக்குள் சிரித்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்கு நடந்தது அதுதான். புதன், வியாழன், வெள்ளியிலும் அவள் சிரித்தபோதெல்லாம் தறி ஓடியதைச் சண்முகையா கவனித்துச் சொன்னான்.

கரண்ட் ஆபீஸிலிருந்து லைன்மேன் சுவிசேஷமுத்து வந்தார். டெஸ்டரை எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தார்; எங்கும் எரியவில்லை. "மின்சாரம் இல்லை. தறி ஓடுகிறது" என்று தன் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கதையை வாசலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, போகும்போது முத்துத்தாயிடம், "மாப்பிள்ளை கீழ எறங்கிட்டானா?" என்று கேட்டார். "இன்னும் இல்ல அண்ணாச்சி, தொங்குதான்" என்றாள் அவள்.

ஆனி மாதத்துக்குள் பன்னிரண்டு தறிகளும் ஓடின. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஊருக்கு வந்தவர்கள் கோவிலைப் பார்த்த கையோடு தறிக்கூடத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்துக் கூடங்களும் இங்கிருந்து வயர் இழுத்துக்கொண்டன. மூக்காண்டி அவளைத் தார் சுற்ற வேண்டாம் என்று சொல்லி, நாற்காலியும் மேஜையும் வாங்கிப் போட்டார். கூடவே யோசனையும் சொன்னார். தீபாவளிச் சேலைக்கு நாள் நெருங்கிவிட்டது, தினமும் பத்துப் பக்கம் வேண்டும். பொய்யனைத் தராசில் தொங்கவிடுவதெல்லாம் தெருவுக்கு நல்லதில்லை. கடைசியில் நல்லவன் ஜெயிக்க வேண்டும், கெட்டவன் திருந்த வேண்டும். நாற்பது தறிக் குடும்பங்கள் தன் பேனாவைப் பார்த்துக்கொண்டிருப்பதால் முத்துத்தாய் சம்மதித்தாள். அவள் கதையில், மண்டி ஊரிலேயே பெரிய பொய்யனான தரகன் அப்போதுதான் தராசை நோக்கிக் கிளம்பியிருந்தான். அவனைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு, பத்துப் பக்கம் நல்லவர்களைப் பற்றி எழுதினாள்.

நல்லவர்கள் வந்த முதல் நாள் தறிகள் மெதுவாக ஓடின. ஆவணி முடிவில் நான்கு தறிதான் ஓடியது. புரட்டாசி இரண்டாம் வாரம் ஒன்றும் ஓடவில்லை. அவள் பத்துப் பக்கத்தை இருபதாக்கினாள். விரல் வீங்கியது. நோட்டைத் தொடவே பிடிக்கவில்லை. மழையும் வரவில்லை; பிற்பகல் கரண்டும் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. நெய்தால்தான் கூலி என்பதால் பதினோரு குடும்பங்கள் திருப்பூருக்குப் போகப் பெட்டி கட்டின. மூன்றாம் நம்பர் தறியில் அறுந்த இழையை முடிந்து கொடுக்கிற மாரித்தாய், முத்துத்தாயுடன் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவள், தகரப்பெட்டியோடு கூடத்துக்கே சொல்லிக்கொள்ள வந்துவிட்டாள்.

முத்துத்தாய் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். மேஜையிலிருந்து எழுந்து, பழையபடி நூல் மூட்டைமேல் போய் உட்கார்ந்தாள்.

"மொதலாளி, உங்க கதை எனக்கு வரல. எங்கதைய எழுதுதேன்."

"பத்துப் பக்கம் எழுதுவியாம்மா?"

"ஒரு வரி. அது சரியா வரணும்."

மூக்காண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அவ எழுதட்டும் மொதலாளி. சும்மா நில்லுங்க" என்றான் சண்முகையா. முதலாளியிடம் அவன் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

'தரகன் தராசுக்கு வந்தான்' என்று எழுதினாள். கூடத்து பல்புக்குள் கம்பி லேசாகச் சிவந்தது. 'வந்து நின்றான்' என்று மாற்றினாள். இன்னும் கொஞ்சம் சிவந்தது. 'வந்து சேர்ந்தான்' என்றாள், பல்பு அணைந்துவிட்டது. வாசலில் நின்ற நெசவாளிகள் எல்லாரும் ஒன்றாக உச்சுக் கொட்டினார்கள். அவளுக்குக் கோபம் வரவில்லை. வெகுநாளைக்குப் பிறகு அவள் நினைவில் பல்பு, தறி, தீபாவளி எதுவும் இல்லை. அந்தத் தரகன் எப்படி நடப்பான் என்பது மட்டுமே அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"அவன் எங்கட்டி தானா வந்தான்? நாலு பேரு இழுத்துட்டுல்லா வந்திருப்பாவ" என்றாள் மாரித்தாய்.

"இல்லட்டி. தானாத்தான் வாரான். ஆனா வர மனசில்லாம வாரான்."

"அப்போ செருப்ப வெளிய விட்டுட்டு, அதையே திரும்பித் திரும்பிப் பார்ப்பான்."

முத்துத்தாயின் உதட்டில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. பல்பு மஞ்சளாக எரிந்தது. அவள் குனிந்து, அடித்து, மறுபடி எழுதி, பிறகு உரக்க வாசித்தாள்: "தரகன் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தராசில் ஏறினான். ஓடவேண்டி வந்தால் அது தனக்கு முன்னால் ஓடிவிடும் என்று தெரிந்து, அதையே பார்த்துக்கொண்டு ஏறினான்."

முதலில் சிரித்தவர் மூக்காண்டி. அவர் சிரித்து முடிக்கும் முன்பு பன்னிரண்டு தறிகளும் ஓடின. அடுத்த கூடத்திலும் அதற்கடுத்த கூடத்திலும் ஓடின. தரகனின் எடையைச் சொல்லி முடிக்க அவளுக்குப் பத்தொன்பது நாள் பிடித்தது. அவசரப்படவில்லை. தீபாவளிச் சேலைகள் இரண்டு நாள் முன்னதாகவே கடையநல்லூர் வியாபாரிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. பதினோரு பெட்டிகளும் பரணுக்கு ஏறின.

மறு வருடம் அணை நிரம்பி, கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கியது. ஆனாலும் காலை பத்து மணி முதல் ஒரு மணிவரை மெயின் சுவிட்சைப் போட வேண்டாம் என்று தெருக்காரர்கள் முடிவு செய்தார்கள். அந்த நேரத்தில் நெய்த சேலைக்குச் சாயம் போவதில்லை என்று வியாபாரிகள் தனியாகக் கேட்டு வாங்கினார்கள். கேட்டவர்களிடமெல்லாம், "நெய்யுறது நாங்க, எழுதுறது எங்க முத்துத்தாய்" என்று தெரு சொன்னது. 1986இல் மதராஸ் பத்திரிகை ஒன்றிலிருந்து ஆள் வந்து கேட்டபோது, அவள் ஒரு நோட்டைக் கொடுத்தனுப்பினாள். கதை அச்சாகி வந்தது. சண்முகையா இருபது பிரதி வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தான். அவள் ஒரு தடவை வாசித்து, நான்காம் பத்தியில் ஒரு சொல்லைப் பென்சிலால் அடித்து, மேலே வேறு சொல் எழுதி வைத்தாள்.

சுவிசேஷமுத்து 1988இல் ஓய்வு பெற்றார். புதிதாக வந்த லைன்மேனைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு தெருவாகக் காட்டியபோது, அந்தத் தெருவில் முற்பகல் புகார் எதற்கும் போக வேண்டியதில்லை என்று சொல்லிவைத்தார். அங்கே பத்து மணிக்கு மேல் தறிகள் சட்டென்று நின்றுவிட்டால், கரண்ட் போய்விட்டது என்று ஒருவரும் சொல்லுவதில்லை. முத்துத்தாய் ஒரு வார்த்தை தேடுகிறாள் என்பார்கள். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். டீ ஆறுவதற்குள் நாடாச் சத்தம் கேட்கும்.