பந்த்நகரிலிருந்து தூத்துக்குடி

கார்க்காரன் கடைசி அறையிலிருந்து மூட்டை தூக்குவதைப் பார்த்ததும் சுப்பன் வாயிலிருந்த வேப்பங்குச்சியைத் துப்பினார். பிள்ளைப்பாக்கத்தில் அவர் வாடகைக்கு விட்டிருக்கும் ஐந்து அறைகளில் அது மாடத்தியுடையது. அவள் புருஷன் இசக்கியை ஒரகடத்துக் கான்ட்ராக்டர் வடக்கே பந்த்நகருக்கு, ஒரு தொழிற்சாலையில் புது லைன் போடும் வேலைக்கு அனுப்பி ஒரு மாதமாகிறது. அந்தக் கான்ட்ராக்டரின் ஆள் பிரவீன் வாசலில் நின்றிருந்தான்.

“அவுகளுக்கு வெரலுல அடியாம் தாத்தா,” என்றாள் மாடத்தி. “நேரா எங்க ஊருப் பக்கம், தூத்துக்குடிக்கே பிளேன்ல அனுப்புதாகளாம். என்னையப் போயி எறக்கிக் கூட்டிக்கிடச் சொல்லுதாரு.” சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

பிரவீன் செல்போனை நீட்டினான். “ரெண்டாயிரத்து எரநூத்தம்பது கிலோமீட்டர், பெருசு. மூணே மணி நேரம். இதோ போட்டிருக்கு பாரு.”

சுப்பனுக்கு இங்கிலீஷ் ஆகாது. படத்தில் மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி, நடுவில் கோடு. இப்படி ஒரு கோட்டைக் காட்டித்தான், ரோடு வருகிறது, சர்க்கார் நிலத்தை எடுத்துக்கொள்ளும் என்று பயமுறுத்தி, ஏரிக்கரை நிலத்தை அவரிடமிருந்து ஒருத்தன் பிடுங்கினான். ரோடு இன்றுவரை வரவில்லை. கோடு போட எவனுக்குக் கை வலிக்கும்? ஷிப்ட் பஸ்ஸைத் தவறவிட்டவனை வெயிலில் நடந்து வரச் சொல்கிற கூட்டம் இது. விரல் நசுங்கினவனை வானத்தில் ஏற்றி அனுப்பும் மனசு அதற்கு எப்போது வந்தது? மூட்டையில் இசக்கியின் சட்டை, செருப்பு, சீப்பு வரைக்கும் போயிருந்தது. விரல் ஆறினால் வேலைக்குத் திரும்ப மாட்டானா அவன்?

“நேரம் போட்டுக்கீது. பிளேனு எங்க?”

“இன்னா பெருசு?”

“எத்தினி மணிக்குக் கெளம்புது? டிக்கெட்ட காட்டு.”

“இது தூரம் காட்டுற சைட்டு. எந்த ரெண்டு ஊரப் போட்டாலும் காட்டும். டிக்கெட்லாம் ஆபீஸ்ல பாத்துப்பாங்க.”

“அப்ப ஒரகடத்துக்கு ஒண்ணு போடு. நானும் பறக்குறேன்.”

கார்க்காரன் சிரிக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவுககிட்ட ஒரு வார்த்த பேசிட்டுக் கெளம்புதேன் சார்.”

“பிளேன்ல போன் ஆஃப் பண்ணிருப்பாரும்மா. இந்நேரம் பறந்துகினு இருப்பாரு.”

மாடத்தி அவனையே பார்த்தாள். “நேத்து விடியக்காலத்துல இருந்தே எடுக்கலயே சார். மூணு மணி நேரம்னுதான சொன்னீக?”

பிரவீனின் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு, வாயைக் கையால் பொத்தியபடி, துணி துவைக்கும் கல்லைத் தாண்டிப் போனான். “இல்ல சார்... விஷயத்தச் சொல்லல சார்... அந்தம்மா இன்னும் கெளம்பல... கெழவன் ஒருத்தன் கீறான் சார்...”

கார்க்காரன் டிக்கியைத் திறந்து மூட்டையை இறக்கி வைத்தான். சுப்பன் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மாடத்தி செருப்பில்லாமல் பிரவீனை நோக்கி நடந்தாள். அவளைக் கண்டதும் அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே இரண்டடி பின்வாங்கினான். அவள் நிற்கவில்லை. அவன் இன்னும் பின்வாங்கினான். அவன் முதுகுக்குப் பின்னால் காம்பவுண்டு சுவர் இருந்தது.