காறை எலும்பில் கண்ணாடி

தாமல் ஏரியில் நான் பிடித்த விரால் ஒரு சைக்கிளை விழுங்கியிருந்தது. அறுக்கும்போது வயிற்றுக்குள்ளிருந்து மணி அடித்தது. இதைச் சொன்னபோது ஊரே தலையாட்டிக் கேட்டது. என் காறை எலும்பு சங்கதியைத்தான் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

பெருமாள் வாகனம் தூக்குகிறவன் நான். போன வருஷம் வழுக்கி விழுந்ததில் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலிருக்கும் காறை எலும்பு முறிந்து, உள்ளே சீழ் வைத்துவிட்டது. டாக்டர் சுகாசினி அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பள்ளத்தில் கண்ணாடிக் குருணையை நிரப்பினார். ஒவ்வொரு குருணையும் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஓட்டைக்குள் மருந்து, அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கண்ணாடி கரையக் கரைய அந்த இடத்தில் எலும்பு வளரும். வளர்ந்தும்விட்டது. இனி சுமை தூக்கலாம் என்று அவரே சொன்னார்.

கருட சேவைக்கு முந்தின நாள் தர்மனைப் பார்க்கப் போனேன். வாகனம் சுமக்கும் தண்டில் எனக்கு ஜோடி அவன். தண்டுக்கு ஆட்களைப் பொறுக்கி நிறுத்துவதும் அவன்தான். இந்த வருஷமும் நான் நிற்காவிட்டால் என் இடம் இன்னொருவனுக்குப் போய்விடும்.

"வேணாம்ணா. கண்ணாடித் தோளு. தண்டு பட்டா நொறுங்கிடும்."

"கண்ணாடி கரைஞ்சு எலும்பாயிடுச்சுடா."

"அப்ப மருந்து?"

"ஓட்டையிலேர்ந்து தானா வந்துச்சு."

"உள்ள கம்பவுண்டர் குந்திக்கினு எடுத்துக் குடுத்தாராக்கும்."

எக்ஸ்ரேயை நீட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"இதுல கண்ணாடியே இல்லியே?"

"அதான் கரைஞ்சிடுச்சுன்றேனே."

"கண்ணாடி இருந்தா நொறுங்கும். இல்லன்னா நீ புளுகற. ரெண்டுல எதுன்னாலும் உன்ன நிறுத்த முடியாதுண்ணா."

டாக்டருக்கு போன் போட்டு அவன் காதில் வைத்தேன். நான் சொன்னதை அப்படியே அவரும் சொன்னார். தர்மன் மரியாதையாகக் கேட்டுவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"டாக்டராட்டம் பேச உனக்கு ஒரு தங்கச்சி இருக்குதுன்னு சொல்லவேயில்லியேண்ணா."

மறுநாள் விடியும்போது கருட வாகனம் வெளியே வந்தது. என் இடத்தில் நின்றவன் குள்ளம். துண்டை மடித்து மடித்துத் தோளில் வைத்திருந்தான். அப்படியும் தண்டு அவனுக்கு எட்டவில்லை. பாரமெல்லாம் தர்மன் மேல் ஏறியது. வாகனம் நிற்கும்போது முட்டுக் கொடுக்கும் கட்டையைத் தூக்கிக்கொண்டு நான் பக்கத்தில் நடந்தேன்.

"தோளு வலிக்குதாடா?"

"சேச்சே. இல்லியே" என்றான். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது.

அவன் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள். வாகனம் நகர்ந்தது. நான் கட்டையைக் கண்ணாடி கரைந்த தோளுக்கு மாற்றிக்கொண்டேன்.