சாம்பல் நிறப் பணிமனை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை ஒரு சுவரிலிருந்து எடுத்தேன். நகர நில அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காக மூன்று மணி நேரம் என்னை உட்கார வைத்தார்கள். எதிர்ச்சுவரில் நகர வரைபடம். காலி நிலம் மஞ்சள், பயன்பாட்டில் உள்ளது சாம்பல். நான் தினமும் கடந்துபோகும் பேருந்துப் பணிமனை சாம்பலாக இருந்தது. அங்கே கடைசிப் பேருந்து நின்று ஆறு வருடமாகிறது. (இப்போது புதர்தான் நிற்கிறது.)

வீட்டுக்கு வந்து இப்படித் தொடங்கினேன்: "ஒரு நகரம் தன் நிலத்தை எவ்வாறு பயன்படுத்துகிறதோ, அதைப் பொறுத்தே அதன்..." வேண்டாம். எனக்கே கொட்டாவி வந்தது.

2

ஆகவே ஒரு வரைபடக்காரி. அந்த அலுவலகத்தில் பதினோரு வருடம் வேலை பார்ப்பவள். அங்கே புது வரைபடம் போடும்போது பழையதன் மேல் தாளை வைத்து நிறத்தை அப்படியே எடுத்துவிடுவார்கள். நேரில் போய்ப் பார்த்ததாகப் படிவத்தில் ஒரு டிக். நான்கு வருடத்துக்கு முன் பணிமனைக்குச் சாம்பல் பூசியவள் இவள்தான். டிக் அடித்தவளும் இவளேதான்.

இப்போது மஞ்சள் இடங்களில் குறைந்த வாடகை வீடுகள் கட்டப்போகிறார்கள். மஞ்சள் முழுக்க ஏரியை ஒட்டிய பள்ளம். மழையும் முன்போல் இல்லை, ஒரு மாதத்துக்கானதை ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகிறது. பணிமனையோ மேடு, ஆனால் சாம்பல் என்பதால் கணக்கிலேயே வரவில்லை. சந்தையும் மருத்துவமனையும் நடக்கிற தூரம். நகரத்தின் சொந்த நிலம் அது. விற்றுத் தொலைக்காமல் நீண்ட குத்தகைக்கு விட்டால் வாடகை எகிறாது. பள்ளத்தைத் தண்ணீருக்கே விட்டுவிட்டால் தண்ணீர் வீட்டுக்குள் வராது.

(இதுவரை இது கட்டுரை. கதையாக ஒரு தம்பி வேண்டும்.)

3

தம்பி சந்தையில் மூட்டை இறக்குபவன். பள்ளத்து வீடுகளுக்கான பட்டியலில் அவன் பெயர் ஏழாவது. அவள் அவனுக்குப் போன் செய்கிறாள்.

"படம் தப்புன்னு திருத்தச் சீட்டு குடுத்தா எல்லாத்தையும் மறுபடி அளக்கணும்டா. ஒரு வருஷம் தள்ளிப்போகும்."

"வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லி ரெண்டு மாசமாச்சு. உனக்குத் தெரியாதாக்கா?"

"தெரியும்."

"யாராவது உன்னக் கேட்டாங்களா?"

"கேக்கல. அந்தப் படத்தப் போட்டது நான். அந்தப் பள்ளத்துல உன் பிள்ளைங்களப் படுக்க வெச்சுட்டு எனக்குத் தூக்கம் வராது."

"அதுவரைக்கும் நாங்க எங்க போறது?"

"என் வீட்டுக்கு வாங்க. நெருக்கியடிச்சு இருந்துக்கலாம்."

முதல் வரைவில் அவன் உடனே சரியென்றான். அடித்துவிட்டேன், எந்தத் தம்பி அப்படிச் சொல்வான்? இப்போது போனை வைத்துவிடுகிறான். அவளுக்கு வலிக்கிறது. ஆனால் அவள் மனம் மாறவில்லை.

4

முடிவு ஒன்று: மேலதிகாரி அவளைப் பாராட்டுகிறார். (நீங்களே சிரிக்கிறீர்கள்.)

முடிவு இரண்டு: அந்த வருடமே பெருமழை பெய்து, பள்ளம் மூழ்கி, அவள் சொன்னது... இல்லை. ஒருத்தி சொல்வது சரி என்று காட்ட நான் யாரையும் மூழ்கடிக்க மாட்டேன்.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான். மறுநாள் காலை அவள் பணிமனைக்கு முதல்முறையாக நேரில் போனாள். துருப்பிடித்த கதவின் இடுக்கில் புகுந்து, சேலையில் முள் ஒட்ட, சுற்றிலும் நடந்து பார்த்தாள். பிறகு அலுவலகத்தில் திருத்தச் சீட்டை நிரப்பினாள். "தவறு செய்தவர்" என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

"இது உங்க வேலைக்கே உலை வைக்கும்மா" என்றார் மேலதிகாரி. "நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சுட்டேன் சார். சீல் போடுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்துவிட்டாள். அதே நேரம் அவள் வீட்டுக் கூடத்தில் தம்பியின் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. அவன் இன்னும் அவளோடு பேசவில்லை.

முத்திரை அவர் கையில் இருக்கிறது. போடுவாரா என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் எழுதவும் மாட்டேன். கடைசி வரியை நீங்கள் எழுதுங்கள். அதற்கு முன் உங்கள் ஊரில் சாம்பல் பூசிய இடத்துக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். டிக் மட்டும் அடித்துவிட்டு எழுதாதீர்கள்.