தலைப்புக்குக் கீழே நாலு பந்தி

பத்திரிகை விளம்பரத்துக்கான அந்த நாலு பந்திகளை எழுதி முடிக்க யோகராணிக்கு மூன்று கிழமை பிடித்தது. முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை அவளுக்கு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்து ஒரு வசனம் எழுதுவாள். அடுத்த நாள் அதில் பாதியை அழிப்பாள்.

விஷயம் இதுதான். சூடானில் மூன்றாவது வருடமாகப் போர் நடக்கிறது. அங்கே ஓர் ஊர் ஆஸ்பத்திரியை நொறுக்கிவிட்டுப் பழுதாகி நின்றுபோன கவச வாகனத்தின் பாகம் ஒன்றில், கனடாவில் பிறம்ரன் நகரிலுள்ள ஒரு தொழிற்சாலையின் இலக்கம் இருந்தது. கனடா நேரே விற்கவில்லை. வேறொரு நாட்டுக்கு விற்க, அங்கிருந்து அது போயிருந்தது. சட்டத்திலுள்ள அந்த ஓட்டையை அடைக்க ஒட்டாவாவில் ஒரு மசோதா வந்திருந்தது. "எம்.பி. அவர்களே, இதற்கு ஆதரவாக வாக்களிப்பீர்களா?" என்று நாலாவது பந்தி முடிந்தது.

எம்.பி. குணசீலன் தமிழர். ஸ்காபரோவில் அவருடைய தொகுதித் தமிழர்களில் பெரும்பாலானோர் அவருக்குத்தான் வாக்குப் போட்டார்கள். யோகராணியும் போட்டவள்தான். அவளும் இன்னும் எட்டுப் பேருமாகப் 'போருக்கு எதிரான தமிழர் குழு' என்று ஒன்றை நடத்திவந்தார்கள். வன்னியில் போரின் கடைசி மாதங்களில் ஓர் ஆஸ்பத்திரிக் கொட்டிலில் காயக்காரருக்குத் தண்ணீர் பருக்கியவள் அவள். அதை விளம்பரத்தில் எழுதவில்லை. எழுதத் தேவை வரும் என்று நினைக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து தமிழ்க்கடைக்குப் போனாள். வாசலில் 'வாரச்சுடர்' பத்திரிகை அடுக்கி வைத்திருந்தது. குழுவினர் விளம்பரத்துக்கு முழுப்பக்கம் எடுத்திருந்தார்கள். 'எம்.பி.க்கு ஒரு கேள்வி' என்று அவள் வைத்த தலைப்பைக் காணவில்லை. அதற்குப் பதிலாக, பாதிப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சிவப்பில் நின்றது:

குணசீலனா? குணமிலனா?

அதற்குக் கீழே அவளுடைய நாலு பந்திகளும் எறும்பு ஊர்ந்ததுபோல் கிடந்தன.

பக்கத்தை வடிவமைத்தவன் ராகுலன். குழுவிலேயே இளையவன், விளம்பர நிறுவனமொன்றில் வேலை. வாசலில் நின்றபடியே அவனுக்குப் போன் அடித்தாள்.

"ஆரைக் கேட்டு உதைப் போட்டனீ?"

"அன்ரி, ரிலாக்ஸ். நாலு பந்தியை ஒருத்தரும் வாசிக்க மாட்டினம். முதல்ல அட்டென்ஷன் வேணும். இப்ப எல்லாரும் கதைக்கினம்தானே?"

"கதைக்கினம். சூடானைப் பற்றியோ?"



கதைத்தார்கள்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் போன் ஓயவில்லை. முதலில் பக்கத்து நகரமான அஜக்ஸிலிருந்து மச்சாள் துர்க்கா. "எங்கடை பிள்ளை ஒண்டு அவ்வளவு தூரம் போயிருக்கு. அதைக் குணமில்லாதவன் எண்டு பேப்பரில போடுறீங்களோ?"

"நீங்கள் கீழை வாசிச்சனீங்களோ, மச்சாள்?"

"கீழை என்ன இருக்கு? எனக்கு வட்ஸ்அப்பில தலைப்பு மட்டும்தான் வந்தது."

யாரோ தலைப்பை மட்டும் வெட்டியெடுத்துப் படமாக அனுப்பியிருந்தார்கள். ஊர் முழுக்க ஓடியது அதுதான். தமிழ் வானொலியில் இரண்டு மணிநேரம் விவாதம் வைத்தார்கள். முதல் ஒரு மணிநேரம் தமிழனைத் தமிழன் தாழ்த்தலாமா என்று போனது. அடுத்த ஒரு மணிநேரம், குணமிலன் என்பது சரியா, குணமிலி என்பது சரியா என்று இரண்டு தமிழ் ஆசிரியர்கள் பொருதினார்கள். யோகராணி சமைத்துக்கொண்டே கேட்டாள். இரண்டு மணிநேரத்தில் சூடான் என்ற சொல் ஒருமுறை வந்தது. அதுவும் ஒருவர், "எங்களுக்கு அடி விழேக்கை சூடான்காரர் வந்தவையோ?" என்று கேட்டபோது.

அகப்பையை வைத்துவிட்டு அவள் வானொலிக்குப் போன் எடுத்தாள். நாற்பது நிமிடம் காத்திருந்தபின் வாய்ப்பு வந்தது.

"அண்டைக்கு வன்னிக்காக இஞ்சை எங்கடை சனம் றோட்டில இறங்கினது ஆருக்குக் காட்ட? எங்களைத் தெரியாத சனம் பாக்கட்டும் எண்டுதானே? இப்ப அந்தத் தெரியாத சனம் நாங்கள்…"

"அக்கா, நீங்கள் குணமிலன் கட்சியோ, குணமிலி கட்சியோ?" என்று அறிவிப்பாளர் சிரித்தார். அவள் போனை வைத்துவிட்டாள். குழம்பு அடிப்பிடித்திருந்தது.

அடுத்த வெள்ளி 'வாரச்சுடர்' முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. ஆசிரியர் கிளிபோட் நல்ல மனுசன்தான். ஆனாலும் நாலு பந்திகளை மட்டும், வெறும் நாலு பந்திகளை, தலைப்பே இல்லாமல் இன்னொரு முறை போடுங்கள் என்று அவள் கேட்டபோது கையெடுத்துக் கும்பிட்டார். "ராணி, என்னை விடுங்கோ. உந்தப் பிரச்சினை இப்பத்தான் ஆறுது."

அது ஆற குணசீலன் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் அலுவலகத்தில் ஊடகச் சந்திப்பு வைத்தார். யோகராணி வேலையில் ஆள் மாற்றிக்கொண்டு போனாள். முப்பது கதிரை, ஐந்து கமரா. குணசீலனுக்குப் பக்கத்தில் அவருடைய தாய் அருள்நாயகியை இருத்தியிருந்தார்கள். கண்ணில் அறுவைச்சிகிச்சை செய்து சில நாள்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"என்னை எதுவும் சொல்லட்டும்," என்றார் குணசீலன். "இந்தப் பேரை வைச்ச தாய் எவ்வளவு வேதனைப்பட்டிருப்பா?"



யோகராணி எழுந்தாள். "நான் அந்தக் குழுவின்ர செயலாளர். தலைப்புப் பிழை. உங்களிட்டையும் அம்மாவிட்டையும் மன்னிப்புக் கேக்கிறன்."

கைதட்டினார்கள். கமராக்கள் அவள் பக்கம் திரும்பின. குணசீலன் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தார். அத்தோடு முடிந்தது என்று ஒருவர் வயரைச் சுற்றத் தொடங்கினார்.

"தலைப்புக்கு மன்னிப்புக் கேட்டிட்டன். இப்ப கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ."

"அக்கா, உதுக்கு இது இடமில்லை."

"எது இடம்? உங்கடை ஒஃபிசுக்கு ஆறு கடிதம் போட்டனாங்கள்."

அலுவலகப் பெண் மெதுவாக வந்து அவளுடைய முழங்கையைப் பிடித்தாள். அப்போதுதான் அருள்நாயகி வாய் திறந்தார்.

"தம்பி, உவ என்ன கேள்வி கேட்டவ?"

"அதை விடுங்கோ அம்மா."

"எனக்குப் பெரிய எழுத்து மட்டும்தான் தெரிஞ்சது. கீழை ஏதோ கிடந்தது. அதை வாசி எண்டு வீட்டில எல்லாரையும் கேட்டன், ஒருத்தரும் வாசிக்கேல்லை." கறுப்புக் கண்ணாடி யோகராணியின் பக்கம் திரும்பியது. "நீர் வாசியும், பிள்ளை."

ஐந்து கமராவுக்கு முன்னால் பெற்ற தாயின் வாயை எந்த எம்.பி.யால் மூட முடியும்? யோகராணி கைப்பையிலிருந்து பத்திரிகையை எடுத்தாள். நாலு பந்திகளையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். இடையில் ஒருவருடைய போன் அடித்தது. பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஆஸ்பத்திரி வந்த வசனத்தை இரண்டாம் முறையும் வாசித்தாள். பிறகு மேலே போனாள்.

வாசித்து முடிய, "ஆஸ்பத்திரிக்கோ அடிச்சவங்கள்?" என்று கேட்டார் அருள்நாயகி.

"ஓம் அன்ரி."

"அப்ப ஓமெண்டு சொல்லன், தம்பி. உதிலை என்ன கஷ்டம்?"

"அம்மா, அது கட்சி முடிவு. எனக்கு மேலை ஆக்கள் இருக்கினம்…"

"நான் கேட்டது கட்சியையோ?"

குணசீலன் நெற்றியைத் தடவினார். கமராக்களைப் பார்த்தார். யோகராணியைப் பார்த்த பார்வையில் கோபமும் இருந்தது, களைப்பும் இருந்தது. "சரி. வாக்களிப்பன்," என்றார்.

வாக்களிக்கவும் செய்தார். அவருடைய கட்சியில் மசோதாவுக்கு ஆதரவாக எழுந்து நின்ற ஒருசிலரில் அவரும் ஒருவர். ஆனால் மசோதா தோற்றது. அன்று பின்னேரமே வானொலியில் புது விவாதம் தொடங்கியது: கட்சிக்கு எதிராக வாக்களித்துத் தமிழருக்குக் கிடைக்க இருந்த மந்திரிப் பதவியைக் குணசீலன் கெடுத்துவிட்டாரா? ராகுலன் செய்தி அனுப்பினான்: 'அன்ரி, நாங்கள் திரும்பவும் ட்ரெண்டிங்.' அவள் பதில் போடவில்லை. இந்தச் சனத்தோடு இனி ஒரு சொல்லும் கதைப்பதில்லை என்று வானொலியை நிறுத்தினாள்.

இரண்டு நாள் கழித்துத் தெரியாத இலக்கத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஏச்சு வாங்கத் தயாராகத்தான் எடுத்தாள்.

"பிள்ளை, நான் குணசீலன்ர அம்மா. உம்மட நம்பரைத் தம்பியின்ர ஒஃபிசில வாங்கினனான்."

"சொல்லுங்கோ அன்ரி. ரேடியோவில கதைக்கிறதுக்கு எங்கடை குழு பொறுப்பில்லை."

"ரேடியோவை விடும். அவங்களுக்கு வேறை வேலையில்லை. நான் வேறொண்டு கேக்க எடுத்தனான். அந்த ஆஸ்பத்திரி இப்ப நடக்குதோ? சனம் மருந்துக்கு எங்கை போகுது?"

யோகராணி சமையலறைக் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். ஒரு மாதமாக எத்தனையோ பேர் அவளிடம் எத்தனையோ கேட்டிருந்தார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்கே விடை தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

"தெரியேல்லை அன்ரி," என்றாள். "விசாரிச்சுப் பாத்துச் சொல்லுறன்."

"பாத்துச் சொல்லும். நான் வீட்டிலதான் இருப்பன்."