முனியாண்டிக்கு முதல் சவாரி

அந்தப் பழைய தீயணைப்பு வண்டியை வாங்கியபோது அது ஒரு சாமியின் குதிரை என்பது மாயாண்டிக்குத் தெரியாமல் இல்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது, அவ்வளவுதான்.

சுங்கை சிப்புட் டவுனுக்கு அந்தப் பக்கம் இருந்த எஸ்டேட்டைப் புதுக் கம்பெனி வாங்கி, ரப்பரை வெட்டிச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நடத் தொடங்கிய எண்பதாம் வருஷம் அது. ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி பழைய இரும்பையெல்லாம் விற்றுக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரன் காலத்துத் தீயணைப்பு வண்டியும் அதில் ஒன்று. சிலிபினில், தவுக்கே என்று எல்லாரும் அழைக்கும் ஒரு சீன முதலாளியின் பட்டறையில் மெக்கானிக்காக இருந்த மாயாண்டிக்கு அதன் நீண்ட மூக்கின் மேல் ரொம்ப நாளாகக் கண். பட்டறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் கூரையும் கதவும் இல்லாத, இரண்டே சீட்டுள்ள பழைய பந்தயக் கார் ஒன்றின் படம். தண்ணீர்த் தொட்டியையும் ஏணியையும் கழற்றிவிட்டால் அந்த வண்டிக்குள் இந்தக் கார்தான் ஒளிந்திருக்கிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான். தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்குச் சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டவர்களும் உண்டு.

குதிரை விவகாரம் எழுபத்து மூன்றில் ஆரம்பித்தது. தோட்டத்துச் சனத்தின் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக் கடைசியில் முனியாண்டி கோயில். அங்கிருந்த சிமெண்டுக் குதிரையின் மேல் புயல் மழையில் மரம் விழுந்து, குதிரை தூள் தூளாகிவிட்டது. அந்த ஆடித் திருவிழாவில் சாமி வந்து ஆடியவர், ஏறக் குதிரை இல்லாமல், பத்தடி தள்ளி எஞ்சின் செத்துக் கிடந்த தீயணைப்பு வண்டியின் மேல் தாவி ஏறிவிட்டார். அன்றோடு அது சாமியின் குதிரையாகிவிட்டது. ஒவ்வொரு ஆடிக்கும் அதற்கு மாலையும் எலுமிச்சையும் உண்டு.

மாயாண்டி அன்று சும்மா இருந்திருக்கலாம். வண்டி மேல் நின்ற சாமி, "தாகமா இருக்குடா, தண்ணி கொண்டாங்கடா!" என்று உறுமியது.

"தீயணைப்பு வண்டி மேல நின்னுக்கிட்டுத் தண்ணி கேக்குறாரு பாருலா" என்று சொல்லிச் சிரித்துவிட்டான் மாயாண்டி.

அத்தனை கூட்டத்தில் சிரித்தது அவன் ஒருவன்தான். ஆடியவர் வேறு யாருமில்லை, பிச்சைமுத்து. மாயாண்டியின் மனைவி செல்லாயிக்குக் கூடப் பிறந்த அண்ணன். சாமி மலையேறியதும் யாரோ போட்டுக் கொடுத்தார்கள். அதிலிருந்து அவர் மாயாண்டியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. செல்லாயி பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தனியாகப் பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போவாள். திரும்பி வந்தால் இரண்டு நாளைக்குக் குழம்பில் உப்பு இருக்காது. மாயாண்டி ஏனென்று கேட்கவும் மாட்டான்.

பிச்சைமுத்து நடிக்கிறார் என்பதுதான் அவன் முடிவு. ஆறு நாள் வேலை வாங்கும் மண்டோருக்குப் பயந்து தலையைக் குனிந்து ரப்பர் மரம் சீவுகிற மனுஷனுக்கு, ஒரு நாளாவது சாமியாக நின்று ஊரை அதட்ட ஆசை வராதா என்பான்.

கிராணியிடம் பணத்தைக் கட்டிவிட்டு, தவுக்கேயின் லாரியோடு வண்டியை இழுத்துப் போக வந்தவன், லயத்துச் சனம் முழுக்க அதைச் சுற்றி நிற்பதைப் பார்த்ததும் நொந்துபோனான். ஆபீஸ் முத்திரையான சாப்பு குத்திய காகிதத்தை நீட்டினான். கோயில் காரியங்களைப் பார்க்கும் கருப்பம்மாள் அதைத் தொடக்கூட இல்லை.

"சாமி குதிரைய விக்கிறதுக்குக் கிராணி யாருப்பா?"

"அக்கா, ஆபீஸ் சாப்பு இருக்குலா."

"சாமிகிட்ட சாப்பு வாங்கினியா?"

எல்லாரும் பிச்சைமுத்துவைப் பார்த்தார்கள். அவர் மாயாண்டியைப் பார்க்காமல் கருப்பம்மாளிடம் சொன்னார்: "கேக்கணும்னா கேக்கச் சொல்லுங்க. எனக்கு என்னா தெரியும்?"

வேறு வழியில்லை. கற்பூரம் கொளுத்தினார்கள். மாயாண்டி உதட்டைக் கடித்துக்கொண்டு கைகட்டி நின்றான். பிச்சைமுத்துவின் உடம்பு முறுக்கிக்கொண்டது, கண் சிவந்தது, சாமி வந்தது.

"கொண்டு போடா. குதிரையாத்தான் திரும்பி வரணும். மொத சவாரி எனக்கு. புடிச்சா நீ வச்சுக்க. புடிக்கலன்னா இங்கயே விட்டுட்டு நடந்து போ!"

மச்சான் வசமாகப் பிடித்துவிட்டார் என்றுதான் மாயாண்டி நினைத்தான். உயிரைக் கொடுத்து வேலை செய்து கொண்டுவந்து நிறுத்துவான். அவர் சாமி பேரைச் சொல்லி 'புடிக்கல' என்பார். அந்த ஒரு சொல்லுக்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தார். தெரிந்தேதான் வண்டியை லாரியில் கட்டினான்.

பத்து மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கியில்லாமல் பட்டறைக் கொல்லையில் கிடந்தான். செத்த எஞ்சினைப் பிரித்து மேய்ந்து உயிர் கொடுத்தான். ஏணி, பம்பு, தொட்டி எல்லாம் போயின. தொட்டியைச் செல்லாயி கீரைப் பாத்திக்குத் தண்ணீர் பிடிக்க எடுத்துக்கொண்டாள். பாரம் போன வண்டி தவளை மாதிரி குதிக்கும் என்று ஸ்பிரிங்கில் மூன்று பட்டையைக் கழற்றினான். ஸ்டியரிங்கைச் சாய்த்து, சீட்டு இரண்டையும் தள்ளி, தரையோடு தரையாகப் பின்னால் வைத்தான். எண்ணெய் பீப்பாயைத் தட்டி மட்காடு செய்தான். அந்த நீண்ட மூக்கை மட்டும் தொடவில்லை. வண்டிக்கு நம்பர் வாங்கப் பதிவு ஆபீசுக்கு நடந்ததில் ஒரு ஜோடி செருப்பு தேய்ந்தது.

"பச்சை அடிக்கலாம்னு இருக்கேன்" என்றான் ஒரு நாள்.

பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த செல்லாயி நிமிர்ந்தாள். "பச்சக் குதிரையில எந்தச் சாமி ஏறும்? செவப்பே அடிங்க. எங்கண்ணன் வேணும்னே வேணாம்னு சொல்லாது."

"சொல்றது சாமின்னுல்ல நெனைச்சேன்" என்று அவன் சிரித்தான்.

அவள் விளக்கைக் கீழே வைத்துவிட்டாள். "இந்தச் சிரிப்பு ஒண்ணாலதான் எனக்குப் பொறந்த வீடு பாதியாப் போச்சு. கார் நல்லா வரும், எனக்குத் தெரியும். ஆனா நீங்க ரெண்டு பேரும் பேசாம எனக்கு அதுல என்னாங்க சந்தோஷம்?"

மறுநாளே மாயாண்டி பெயிண்ட் வாங்கினான். சிவப்பே அடித்தான்.

ஆடி மாதம் அவன் அதை ஓட்டிக்கொண்டு லயத்துக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். கருப்பம்மாளே வாயைப் பிளந்தாள். மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சை வைத்து, கற்பூரம் காட்டினார்கள். சாமி வந்தது. செந்துணியும் அரிவாளுமாக வந்து பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, "ஓட்டுடா!" என்றது.

ஓட்டினான். இளம் செம்பனைக்கு நடுவே செம்மண் ரோடு ஒரு வளைவு திரும்பி, பிறகு நூல் பிடித்த மாதிரி போனது. முள் நாற்பதைத் தாண்டி ஐம்பதைத் தொட்டது. காற்றில் மாலை பிய்த்துக்கொண்டு பறந்தது. ஓரக் கண்ணால் பார்த்தான். நடுங்கிக்கொண்டிருந்த அரிவாள் மடியில் கிடந்தது. சாமி இரண்டு கையாலும் சீட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

"நிறுத்து" என்றார் பிச்சைமுத்து. உறுமல் இல்லை, அவருடைய சொந்தக் குரல்.

பழைய பாலத்தருகே நிறுத்தினான்.

"சாமி எறங்கிடுச்சு."

"எப்ப?"

"அந்த வளைவுகிட்டயே. காத்து மூஞ்சில அடிச்சிச்சு, முழிச்சிப் பாத்தா நான் மட்டுந்தான் இருக்கேன்."

"என்னா சொல்லிச்சு? புடிச்சிருக்கா?"

"ஒண்ணும் சொல்லல."

மாயாண்டிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிடுங்களேன். உங்க வாய்தானே!"

பிச்சைமுத்து அவனைப் புரியாமல் பார்த்தார். "சாமி சொல்லாதத நான் எப்படிலா சொல்றது?"

மாயாண்டி எஞ்சினை அணைத்தான். பழி வாங்க ஒரு சொல் போதும், அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். இவரைப் போய் நடிக்கிறார் என்று இத்தனை வருஷம் சொன்னோமே என்று அவனுக்கு உடம்பு கூசியது.

"மச்சான், அன்னிக்கி நான் சிரிச்சது தப்பு."

பிச்சைமுத்து மடியில் கிடந்த அரிவாளை எடுத்துக் காலடியில் வைத்தார். "அன்னிக்கி நான் தண்ணி கேட்டேனாம். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஊரு சொல்லித்தான் தெரியும். நான் இல்லாத நேரத்துல என்னப் பாத்து நீ சிரிச்சிட்டே. அதான் தாங்கல."

மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டான். பிறகு எஞ்சினை முடுக்கினான். வண்டியை மெதுவாகத் திருப்பினான்.

கோயில் வாசலில் சனம் அப்படியே நின்றது. முன்னால் தாம்பாளத்தோடு செல்லாயி. "சாமி என்னா சொல்லிச்சு?" என்று கேட்டாள் கருப்பம்மாள்.

பிச்சைமுத்து வெட்கத்தில் குனிந்திருந்தார். புடிச்சிருக்கு என்று மாயாண்டி ஒரு சொல் சொன்னால் போதும், கார் அவனுடையது; யாரும் மறுக்கப்போவதில்லை. சொன்னால் பத்து மாத உழைப்பு மிஞ்சும். ஆனால் சாமி பேரைச் சொல்லி நடித்தவன் அவன்தான் என்று ஆகும்.

"சாமி ஒண்ணும் சொல்லலக்கா" என்றான். "பாதியிலயே எறங்கிடுச்சு. அது சொல்ற வரைக்கும் வண்டி இங்கயே இருக்கட்டும்."

சாவியைப் பிச்சைமுத்துவின் கையில் வைத்துவிட்டு நடந்தான். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து பஸ் ரோட்டையே பார்த்து நடந்தான்.

"மாப்ளே!"

நின்றான். பிச்சைமுத்து சாவியோடு பின்னால் வந்துகொண்டிருந்தார். "எனக்கு சைக்கிள்தான் ஓட்டத் தெரியும். இத வச்சிக்கிட்டு நான் என்னா செய்யுறது? நீயே கொண்டு போ."

"அது எப்படி?" என்று கருப்பம்மாள் குறுக்கே வந்தாள். "சாமி சொல்லலியே?"

"சாமி சொல்லலக்கா. நான் சொல்றேன்." பிச்சைமுத்து கூட்டத்தை நேருக்கு நேர் பார்த்தார். "பிச்சைமுத்து சொல்றேன். வண்டி நல்லா இருக்கு. எனக்குப் புடிச்சிருக்கு. சாமி கூப்புட்டா மாப்ள கொண்டாந்து நிப்பாட்டுவாரு."

சாமி இல்லாமல் அவர் அப்படி நிமிர்ந்து பேசி அந்த லயத்தில் யாரும் கேட்டதில்லை. கருப்பம்மாள் திருநீற்றுத் தட்டை அவரிடம் நீட்டினாள். அவர் ஒரு சிட்டிகை எடுத்து மாயாண்டியின் நெற்றியில் பூசினார். மாயாண்டிக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. ஊர் பார்க்கவே அழுதான்.

செல்லாயி தாம்பாளத்தைக் கருப்பம்மாள் கையில் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அண்ணனின் தோளைப் பிடித்துக் காருக்குள் தள்ளினாள்.

"ஏறுண்ணே. ரெண்டு பேரும் சிலிபினுக்கு நம்ம வீட்டுக்குப் போங்க, நான் பஸ்ல வாரேன். கோழி வாங்கி வைங்க, நான் வந்துதான் சமைப்பேன்."