மூன்றாவது சாவி

சாவிக்காரர் ஓட்டுநர் இருக்கையில் ஒரு காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகி, மடியிலிருந்த டேப்லெட்டை ஒரு நிமிடம் பார்த்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"மேடம், இந்த வண்டியில மூணு சாவி பதிவாகியிருக்கு. உங்ககிட்ட ரெண்டுதானே இருக்கு?"

அவளுக்கு இது புதுச் செய்தி அல்ல. அதற்காகத்தான் அவரை வரவழைத்திருந்தாள். ஆனால் கூப்பிடாமலே வந்து, போர்டிகோவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்த அக்கா முந்திக்கொண்டாள்.

"மெஷின் சொன்னா அப்படியே நம்பிடணுமா? நான் விக்கும்போது ரெண்டுதான் இருந்துச்சு. ரெண்டையும் குடுத்துட்டேன்."

அக்கா அந்தக் காரைப் புதிதாக வாங்கி ஆறு வருடம் ஓட்டிவிட்டு, போன மாதம்தான் தங்கைக்கு விற்றிருந்தாள். விற்றாளே தவிர விட்டுக்கொடுக்கவில்லை. ஒருநாள் காலையில் வாசலில் காரைக் காணோம். தங்கை பதறிப் போலீசுக்குப் போன் போடப் போகும்போது அக்காவே ஓட்டி வந்து நிறுத்தினாள். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு போனாளாம். சரி, தொலையட்டும் என்று தங்கை விட்டாள். அடுத்த தடவை கார் போனபோது இரண்டு சாவியும் தங்கையின் கைப்பையில் பத்திரமாக இருந்தன. அதைக் கேட்டதற்கு அக்கா சிரித்தாள். "கேட்டா குடுத்திருப்பேல்ல? அப்புறம் எதுக்குக் கேக்கணும், குட்டி?"

நாற்பத்தொரு வயதிலும் குட்டி. அக்கா கொடுத்த எதுவும் முழுசாகக் கைமாறியதாகச் சரித்திரமே கிடையாது. பள்ளிக்கூட நாட்களில் பெரிய மனதோடு கொடுத்த சைக்கிளில் வாரத்துக்கு நாலு நாள் அக்காதான் போனாள். அப்போது தங்கை பின்னால் உட்கார்ந்து போனாள். இப்போது அப்படிப் போக முடியாது. அவள் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். கார் இல்லாத அந்த இரண்டாவது நாளில் இரண்டு பஸ் மாறி, ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தபோது, பக்கவாதத்தில் ஒரு கால் ஓய்ந்துபோன கணக்கு வாத்தியார் கன்னத்தில் வீக்கத்தோடு உட்கார்ந்திருந்தார். ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு காத்திருந்து, பொறுக்க மாட்டாமல் தானே எழுந்து நின்று விழுந்திருக்கிறார். "நானே ஆரம்பிச்சுட்டேம்மா," என்றார், தப்பு தன்னுடையது மாதிரி. எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து கட்டில் விளிம்பை விடமாட்டேன் என்கிறார். இரண்டு மாத உழைப்பு வீண். அக்காவிடம் சொன்னபோது "ஐயோ பாவம்" என்றாள், அதோடு சரி. தங்கைக்குக் கோபம் வந்தது. கோபத்தைச் சண்டையில் செலவழிக்காமல் சாவிக்காரருக்குப் போன் செய்தாள்.

சாவிக்காரர் பழைய பதிவுகளை மொத்தமாக அழித்தார். இனி ஒவ்வொரு சாவியாகப் புதிதாகப் பதிய வேண்டும். முதல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டாவதைத் தள்ளிக் காம்பவுண்ட் சுவரின் மேல் வைக்கச் சொன்னார். டேப்லெட் பீப் என்று கத்தி மறுத்தது. மறுபடியும் செய்து பார்த்தார், மறுபடியும் அதே கத்தல்.

"இந்த வண்டியோட வேற சாவி பக்கத்துல இருந்தா இப்படித்தான் மக்கர் பண்ணும்," என்றார்.

தங்கை காரைப் பார்க்கவில்லை. உடம்பைப் பார்த்தே வலி எங்கே என்று கண்டுபிடிப்பது அவள் பிழைப்பு. அக்காவின் இடது தோள் இரண்டு விரல் அளவு மேலேறியிருந்தது. கைப்பை அக்குளுக்குள் இறுகிக் கிடந்தது.

சாவிக்காரரும் ஊரெல்லாம் பார்த்தவர்தான். யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார். "மூணாவது இருந்தா இப்பவே சேர்த்துடலாம். இல்லேன்னா இனிமே அது வெறும் பிளாஸ்டிக்."

அக்கா தங்கையைப் பார்த்தாள். பையைத் திற என்று ஒரு வார்த்தை போதும். வேற்று ஆள் முன்னால் அக்காவின் மானத்தை வாங்க அவளுக்கு மனசு வரவில்லை, தேவையும் இல்லை.

"மூணாவது இல்லைண்ணே. ரெண்டை மட்டும் போடுங்க." பிறகு, நோயாளிகளை எழுப்பி நிறுத்தும் அதே குரலில் சொன்னாள். "அக்கா, நீ கொஞ்சம் கேட்டுக்கு வெளிய போய் நில்லேன். அஞ்சு நிமிஷம்."

எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. எழுந்தாள், செருப்பை மாட்டினாள், பையோடு வெளியே போய்த் தெருவின் எதிர்ப்பக்கம் நின்றாள். தான் சொன்னதை அக்கா செய்து அவள் பார்த்ததே இல்லை. உள்ளே டேப்லெட் சமத்தாக முதல் சாவியை ஏற்றுக்கொண்டது, பிறகு இரண்டாவதையும்.

சாவிக்காரர் பைக்கில் ஏறிப் போன பிறகும் அக்கா அங்கேயே நின்றிருந்தாள். அவளுடைய வலது கை மெல்லப் பைக்குள் போனது. கார் பேசாமல் நின்றது. தோள் அசைந்தது, இன்னொரு தடவை அழுத்தியிருக்க வேண்டும். ஒரு விளக்கும் மின்னவில்லை. தங்கைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்காவின் கை பைக்குள்ளிருந்து வெறுமனே வெளியே வந்தபோது, பார்க்காத மாதிரி காரின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அக்கா தெருவைக் கடந்து வந்தாள். பழக்கதோஷத்தில் ஓட்டுநர் கதவுப் பக்கம் போனவள், பாதியில் நின்று, பானெட்டைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தாள்.

"வாத்தியார் வீட்டுக்குத்தானே போறே? வழியில என்னை வீட்ல விட்டுடு."

"அவருக்கு லேட்டாகும். முதல்ல அவர். அங்க அரை மணி நேரம் உக்காருவியா?"

அக்கா கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது. கையை எடுக்காமல் நின்றாள்.

"உக்காருறேன்," என்றாள்.

தங்கை சாவியின் மேல் கட்டைவிரலை வைத்தாள். கார் நாலு பக்கமும் மின்னியது.