ஒரு தடவைதான் கேட்பார்கள்

அந்த நாட்டுக்குக் கிறிஸ்தவ ஊழியத்துக்கு வந்து வருஷக்கணக்கு ஆகிவிட்டது. ஆனாலும் ஊழியக்காரருக்கு ஒரு விஷயம் மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. அங்கே யாரும் எதையும் இரண்டாவது தடவை கேட்கமாட்டார்கள். டீ வேண்டுமா என்பார்கள். வேண்டாம் என்று சொன்னால், தங்களுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து நிம்மதியாகக் குடிப்பார்கள். நம் ஆள் வளர்ந்த விதமோ வேறு. முதலில் வேண்டாம் என்பது மரியாதை. இன்னொரு தரம் வற்புறுத்தினால், நீங்க சொல்றீங்களேன்னு வாங்கிக்கிறேன் என்று கையை நீட்டுவது அதைவிட மரியாதை. இந்த மரியாதையைக் கட்டிக்கொண்டு அழுததில் முதல் வருஷம் பாதி வீடுகளிலிருந்து தொண்டை காய்ந்துதான் திரும்பினார்.

வேலை மிஷன் ஆஸ்பத்திரியில். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் துடைத்து, புரட்டிப் போட்டு, முதுகுக்குப் பவுடர் தடவி, ஊட்டிவிட்டு, கேட்கிறவர்களுக்கு மட்டும் ஜெபம் செய்வார். ஜன்னலோரக் கட்டிலில் வயசான தையல்காரர் ஒருத்தர். அவருக்குச் சூப் ஊட்டுவதுதான் பெரும்பாடு.

"இன்னும் ஒரு வாய்" என்றார் ஊழியக்காரர்.

"வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஒரே ஒரு வாய்."

"என் வயிறு உங்ககிட்டயா இருக்கு, எங்கிட்டயா?"

"எங்க ஊர்ல வேண்டாம்னா இன்னும் கொஞ்சம் ஊத்துங்கன்னு அர்த்தம்."

"அப்ப நெஜமாவே வேண்டாம்னா என்ன பண்ணுவீங்க?"

"தட்டுக்கு மேல கைய வச்சு மறைப்போம். விரல் இடுக்குல ஊத்திட்டுப் போவாங்க."

தையல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் ஒரு வாய் உள்ளே போய்விட்டது.

அன்றைக்குத்தான் ஊரிலிருந்து அக்கா போன் செய்தாள். "அம்மாவுக்கு முடியலடா. வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுங்கன்னு டாக்டர் சொல்லிட்டார்" என்று சொல்லிவிட்டு அம்மாவின் காதில் போனை வைத்தாள்.

"நீ வர வேண்டாம்பா" என்றாள் அம்மா. மூச்சு இரைத்தது. "அவ்ளோ தூரத்துலேருந்து எதுக்கு அலையுற. வேலையப் பாரு."

போனை வைத்துவிட்டு அவர் மனைவியிடம் சொன்னார். "அம்மா என்னை வரச் சொல்றாங்க."

விஷயம் கண்காணிப்பாளர் காதுக்கும் போனது. மிஷனுக்கு அவர்தான் மேலதிகாரி, அந்த நாட்டுக்காரர். ஒரு நிமிஷம் முந்தாமல் பிந்தாமல் வருவதால் ஊழியக்காரரின் மனைவி அவருக்கு வைத்த பெயர் கடிகாரம். நல்ல மனுஷன். துணி அறையில் போர்வை மடித்துக்கொண்டிருந்த ஊழியக்காரரைத் தேடி அவரே வந்தார்.

"அம்மாகிட்ட பேசினீங்களா? என்ன சொன்னாங்க?"

"வர வேண்டாம்னாங்க."

"வார்டுலேருந்து ஒரு சமயத்துல ஒருத்தரத்தான் லீவுல அனுப்ப முடியும். நீங்க போறீங்களா?"

போகிறேன் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. வாயிலிருந்து வந்தது வேறு. "வேண்டாங்க, பரவால்ல. இங்க வேலை கெடக்கே." சொல்லிவிட்டு, போர்வையின் முனையைப் பிடித்தபடி தலையைக் குனிந்து நின்றார். அடுத்த கேள்விக்காகத்தான் நின்றார்.

"சரி. உங்க முடிவு" என்று அவர் தோளைத் தொட்டுவிட்டுக் கண்காணிப்பாளர் போய்விட்டார்.

வீட்டில் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "வேண்டாம்னா சொன்னீங்க?"

"கேட்ட உடனே சரின்னா அலையற மாதிரி இருக்காதா? இன்னொரு வாட்டி கேப்பார்னு நெனச்சேன்."

"அவர் என்ன உங்க மாமியாரா, கெஞ்சிக் கெஞ்சிப் பரிமாற? கேளுங்க, குடுக்கப்படும்னு ஊருக்கெல்லாம் பிரசங்கம் பண்ற வாய்தானே இது? தனக்குன்னு கேக்க வராதா?" குரல் உடைந்தது. "காலையில முதல் வேலையாப் போய்க் கேளுங்க. போகணும், அனுப்புங்கன்னு நேரா சொல்லுங்க."

காலையில் தெருவெல்லாம் அந்த வார்த்தைகளையே முணுமுணுத்துக்கொண்டு போனார். கண்காணிப்பாளரின் மேஜைக்கு முன்னால் நின்று சொல்லியும்விட்டார்.

கண்காணிப்பாளர் முகம் வெளுத்தது. "நேத்தே வார்டு நர்ஸம்மா தம்பி கல்யாணத்துக்குக் கேட்டாங்க. நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களே, குடுத்துட்டேன். விடியறதுக்குள்ள கெளம்பிட்டாங்க. உங்ககிட்ட ரெண்டாவது தடவ கேட்டா உங்க பேச்ச நான் நம்பலன்னு ஆயிடுமேன்னு பாத்தேன். அவங்க வந்ததும் நீங்க போங்க."

நர்ஸம்மா வரும்வரை அம்மா இருக்கவில்லை.

"கடைசி ரெண்டு நாளா கட்டில வாசப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாங்கடா" என்றாள் அக்கா போனில்.

சாயங்காலம் கண்காணிப்பாளர் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றார்.

"நான் கொஞ்ச நேரம் உங்ககூட உக்காரட்டுமா?"

"வேண்டாங்க. உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்."

கண்காணிப்பாளர் தலையசைத்தார். தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பினார். சமையலறை வாசலில் நின்ற மனைவி புருஷனைப் பார்த்தாள். அவ்வளவுதான். படியில் ஒரு கால் வைத்துவிட்டார் வந்தவர்.

"ஐயா" என்றார் ஊழியக்காரர். "போகாதீங்க. வந்து உக்காருங்க."

வந்து உட்கார்ந்தார். ஊழியக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "கட்டில வாசப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாங்களாம். வாசலையே பாத்துட்டு இருந்திருக்காங்க."

கண்காணிப்பாளருக்குப் புரியவில்லை. "வர வேண்டாம்னுதானே சொன்னாங்க?"

"ஆமாங்க. வேண்டாம்னுதான் சொன்னாங்க."

கண்காணிப்பாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தார். நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.